துண்டுக்கடியில் போன கை

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் சடையாண்டி. கேட்க உட்கார்ந்திருக்கும் சின்னவர்களே, பெரியவர்களே, இதை முதலில் மனதில் வையுங்கள். என் தப்பைப் பிறகு சொல்கிறேன். அது அவன் தப்பைவிடப் பெரியது.

மாடுகளுக்குப் பேச்சு இருந்த காலம் அது. மனிதர்கள் காது கொடுக்காததால் அவை ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு வந்தன. அப்போது கொன்றைமாநகர் ராஜாவின் கோட்டைக்கு வெளியே வாரம் ஒருமுறை மாட்டுச் சந்தை கூடும். அங்கே ஒச்சப்பனாகிய நான் ஒரு தரகன். சடையாண்டி இன்னொரு தரகன்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்லக் கூடாது. வாங்க வருகிறவர் கையும் என் கையும் ஒரு துண்டுக்கடியில் சேரும். விரலைப் பிடித்தால் ஒரு விலை. அமுக்கினால் சம்மதம். உதறினால் இல்லை. அதனால் வாய்ப்பேச்சு வெறும் ஒப்புக்குத்தான் என்று நினைத்திருந்தேன். "சொல்லுங்கய்யா, சொல்லுங்க" என்பேன். "சொல்லு தாயி, சொல்லு" என்பேன். கண் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு சந்தை நாளில் கம்பளி போர்த்திய பெண் ஒருத்தி மலையிலிருந்து வந்தாள். துண்டுக்கடியில் கை வைத்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு பசு வேணும். எதுக்குன்னா..."

"சொல்லு தாயி, சொல்லு."

அவள் சொன்னாள். நான் கோட்டை வாசலைப் பார்த்தேன். அவள் சொன்னாள். நான் எதிர்க் கொட்டகையைப் பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சடையாண்டி கத்தினான்.

"டேய் ஒச்சப்பா! அரண்மனை அதிகாரி உன்னைத்தான் கேக்குறாரு. அங்க பாரு!"

கழுத்தைத் திருப்பினேன். அங்கே ஓர் எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. சடையாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தத் தடுமாற்றத்தில் நான் பக்கத்தில் கட்டியிருந்த கறுப்புப் பசுவுக்கு விரலை அமுக்கிவிட்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அண்ணே, நான் என்ன சொன்னேன்?" என்றாள்.

"பசு வேணும்னு சொன்னே."

"அதுக்கப்புறம்?"

"நல்ல பசுவா வேணும்னு..."

"அதுக்கப்புறம்?"

இடது கையால் கறுப்பியின் முதுகைத் தட்டிக் காட்டினேன்.

"உன் கண்ணு என்கிட்ட இல்லை. காதும் இல்லை. கை ஒண்ணுதான் இருந்துச்சு. அதையே எடுத்துக்கிறேன்."

துண்டை உருவினாள். என் வலது மணிக்கட்டு கூழாங்கல்லைப் போல வழவழப்பாக முடிந்திருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை, கை இல்லை. கறுப்பியை ஓட்டிக்கொண்டு அவள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

இடது கையால் விலை பேசுவது எங்கள் சந்தையில் அவமரியாதை. வலது கை இல்லாத தரகன் செத்தவனுக்குச் சமம்.

மறுநாள் விடிந்ததும் இல்லாத கை வலித்தது. விரல் முட்டியில் பளீரென்று ஓர் உதை விழுந்தது. மாலையிலும் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் "ஐயோ" என்று துள்ளினேன்.

"இல்லாத கைக்கு எண்ணெய் தேய்க்கட்டுமா மாப்பிள்ளை?" என்றான் சடையாண்டி.

என் தொழுவத்தில் செவலைப் பசு ஒன்று இருந்தது. நல்ல கறவை, ஆனால் ஓயாமல் பேசும். அதனால் சந்தைதோறும் ஓட்டிப் போயும் யாரும் வாங்கவில்லை. அது என்னிடம் சொன்னது: "அவ சொன்னதை நான் முழுசாக் கேட்டேன். உனக்குச் சொல்ல மாட்டேன். உன்கிட்ட வர்ற மூணு பேர் பேச்சை முழுசாக் கேளு, கை திரும்பி வரும். நடுவுல கண்ணு போச்சுன்னா கையும் போச்சு."

முதலில் செக்கு ஆட்டுகிற பெரியவர் வேறு மாடு கேட்டு வந்தார். முன்பென்றால் அவர் வாயைத் திறக்குமுன் ஒரு காளையைத் தட்டிக் காட்டியிருப்பேன். இப்போது கேட்டேன். அவர் பேசப் பேச, மாட்டின்மேல் குறை இல்லை, செக்கின் உலக்கைதான் தேய்ந்துவிட்டது என்று தெரிந்தது. "தச்சரைப் பாருங்கய்யா" என்றேன். வியாபாரம் போயிற்று. மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது.

இரண்டாவதாக வந்தவன், நம்ப மாட்டீர்கள், சடையாண்டி! தன் வீட்டுக்கு வாங்கும் மாட்டுக்குத் தானே தரகு பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மகளுக்குச் சீராகப் பசு அனுப்ப அவனுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. மகள் புருஷன் வீட்டுக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடப்பதைச் சொன்னான். மூக்கைச் சிந்தினான். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே அரண்மனை அதிகாரி வந்து, "இங்கே தரகர் யாரப்பா?" என்றார். நான் திரும்பவில்லை. சடையாண்டியின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'அன்னைக்கு உன்னைப் பொய்யாக் கூப்பிட்டேன், தப்புதான்' என்ற வார்த்தை இதோ வரும், இதோ வரும் என்று கேட்டேன். வரவில்லை. எழுந்து போய்விட்டான். அதிகாரியும் போய்விட்டார். மணிக்கட்டில் ஒரு கூட்டம் எறும்பு ஊர்ந்தது.

அடுத்த சந்தையில் கம்பளிக்காரி வந்தாள். அன்றுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். அவள் வலது கை முழங்கையோடு நின்றுவிட்டிருந்தது. அதன் நுனியில் என் கை ஒட்டியிருந்தது, முட்டியெல்லாம் கன்றிப்போய். அப்படியானால் அன்று துண்டுக்கடியில் அவள் வைத்தது இடது கை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

"சொல்லு தாயி" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் எதிரே உட்கார்ந்தேன்.

"என் தங்கச்சி பிள்ளை பெத்துட்டுப் போயிட்டா அண்ணே. பிள்ளைக்கு மூணு மாசம். ஆட்டுப்பால் ஒத்துக்கலை. எனக்குப் பிறவியிலேயே ஒத்தக் கை. மெதுவாத்தான் கறக்க முடியும், அதுவரை பொறுத்து நிக்கிற பசுவாக் கொடுன்னு மூணு தடவை சொன்னேன். நீ உதைக்கிறதைக் கொடுத்தே. உன் கையைச் சேர்த்துக் கறந்தும் பாதிப் பால் மண்ணுல போச்சு."

பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை. காத்திருந்தேன்.

"இருக்கான்," என்றாள் கடைசியில். "மெலிஞ்சுட்டான்."

நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் கண் விலகிவிடும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். செவலையை அவிழ்த்துக் கயிற்றை அவளிடம் கொடுத்தேன்.

"கேக்க ஆள் இருந்தா பொழுதுக்கும் நிப்பேன். தாயி, என் கன்னுக்குட்டி கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தது செவலை.

"சொல்லு," என்றாள் அவள். கயிற்றை வாங்கும்போது அவள் விரலும் என் மணிக்கட்டும் பட்டன. கை என்னிடம் வந்துவிட்டது.

பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தான். அவனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்ததே செவலைதான் என்கிறார்கள். மலைச்சனம் இன்றும் மாடு வாங்க என்னிடம்தான் வருகிறது. கன்றிய முட்டியை அவர்கள் பார்க்காதபடி துண்டை இழுத்து விட்டுக்கொள்வேன்.

சடையாண்டிக்கும் வயதாகிவிட்டது. சந்தைதோறும் என் எதிரே உட்கார்ந்து மழை, மருமகன், மூட்டுவலி எல்லாம் பேசுகிறான். நான் இமைக்காமல் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை.