லெவல் தாண்டாத சாம்பார்

கேட்டரிங் பயிற்சி நிலைய முதல்வர் தணிகாசலத்துக்கு லெவல் என்றால் உயிர். கல்யாணப் பந்திக்கெல்லாம் சமைத்துக் கைபழகிய செண்பகவல்லி, நேராக மூன்றாம் லெவலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"அனுபவமெல்லாம் இங்கே செல்லாது. முதல் லெவலில் காய் நறுக்கு. இரண்டில்தான் அடுப்பு, மூன்றில்தான் உப்பு புளி, நான்கில்தான் பாயசம். லெவல் தாண்டினால் சீட்டு காலி!"

மறுவாரம் ஆய்வு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சாப்பாடு கேட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பார்த்து ஆசிரியரும் மேல் லெவல்காரர்களும் வெளியூர்ப் பந்தி வேலைக்குப் போயிருந்தார்கள். சோறு மட்டும்தான் வெந்திருந்தது.

"வல்லி, சட்டுனு ஒரு சாம்பார் வை!" என்று ஓடிவந்தார் முதல்வர்.

அவள் முருங்கைக்காயை அழகாக நறுக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"அடுப்பைப் பத்த வையேம்மா!"

"அது இரண்டாம் லெவலுங்க. சீட்டு போயிடுமே."

"ஐயோ, சோறு ஆறுது!"

"அப்போ இந்தச் சாம்பாரையே மூன்றாம் லெவலுக்கான தேர்வுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். சாம்பார் மணம் கேட் வரை போனது.

அதிகாரி இலையை வழித்துவிட்டு, "பிரமாதம்! பாயசம் உண்டா?" என்றார்.

செண்பகவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

முதல்வர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.