வாய் திறக்காத வேட்பாளர்

மூங்கில்காட்டுக் குளத்தின் மணல்கரையைப் பார்க்கும்போதெல்லாம் கட்டையன் என்ற காட்டுப்பன்றிக்கு எச்சில் ஊறும். மணலுக்கு அடியில் கோரைக்கிழங்கு கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஆனால் கரையைக் கிளறக்கூடாது என்று சட்டம். காட்டுச் சபை புதுச் சட்டம் போட்டாலும், ஜனாதிபதி ஈரக் களிமண்ணில் கால்தடம் பதித்தால்தான் அது செல்லும். ஜனாதிபதியாக இருந்த யானையோ, "நடக்காது!" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டது.

ஒருவழியாக யானையின் பதவிக்காலம் முடிந்தது. கட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஆள் ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைத்தால் கிழங்கு நமக்குத்தான்!

இந்தத் தேர்தலில் காடே வரிசையில் நின்று ஓட்டுப் போடாது. சபை உறுப்பினர்கள் மட்டுமே போடுவார்கள். எந்த இனத்தில் தலைகள் அதிகமோ, அந்த இனத்து உறுப்பினரின் ஓட்டுக்கு மதிப்பும் அதிகம். பன்றி வீட்டில் குட்டிகளுக்குப் பஞ்சமா? ஆனாலும் மானும் குரங்கும் கூட்டுச் சேர்ந்தால்தான் ஜெயிக்க முடியும்.

"நானே நிக்கிறேனே!" என்றான் கட்டையன்.

"நீங்க நின்னா நாங்க வெளியே நின்னுக்கிறோம் அண்ணே!" என்றது குரங்கு.

"அப்ப மயில்?"

"ஐயோ, அது தோகையை விரிச்சா அப்புறம் நம்மளை யாரு பார்ப்பா?" என்றது மான்.

"முள்ளம்பன்றி?"

"பேரைக் கேட்டாலே உங்க சொந்தக்காரன்னு தெரியுது. வேண்டவே வேண்டாம்!" என்றது குரங்கு.

இப்படியே ஒவ்வொரு பெயராகக் கழித்தார்கள். நல்லவர், கெட்டிக்காரர் எல்லோரும் கழிந்துபோனார்கள். கடைசியில் மிஞ்சியது குளத்து ஆமை. அதன்மேல் யாருக்கும் கோபமில்லை. அப்படி ஓர் ஆமை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

கட்டையன் நேரில் போய் விசாரித்தான்.

"ஆமையம்மா, சட்டம் கொண்டுவந்தா கேள்வி கேப்பீங்களா?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"சபையில எதிர்த்துப் பேசுவீங்களா?"

காலையும் இழுத்துக்கொண்டது.

"ஆஹா! இவங்கதான் நம்ம வேட்பாளர்!" என்று கட்டையன் துள்ளினான். அடக்கத்தின் சிகரம், பொறுமையின் இருப்பிடம், குளம் பெற்ற தவச்செல்வி என்று காடு முழுக்கப் புகழ்ந்து திரிந்தான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான், பாவம்.

எதிர்த்தரப்பு கொக்கை நிறுத்தியது. கொக்கு ஒற்றைக்காலில் நின்று பார்த்தும் தோற்றுப்போனது. ஆமை ஜனாதிபதி ஆனது.

மறுநாளே சபை கூடியது. மணல்கரையைக் கிளறலாம் என்ற சட்டம் ஒரே மூச்சில் நிறைவேறியது. கட்டையன் களிமண்ணைக் குழைத்து ஆமையின் முன்னால் கொட்டினான்.

"அம்மா, ஒரே ஒரு கால்தடம்! வெச்சீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம்!"

ஆமை தலையை வெளியே நீட்டியது. "எந்தக் கரைன்னு சொன்னீங்க?"

"மணல்கரைதாம்மா!"

"வெக்க மாட்டேன்."

கட்டையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா?"

"அந்த மணலுக்குள்ளதான் என் முட்டையெல்லாம் இருக்கு. நீங்க கிளறினா ஒரு குஞ்சுகூடத் தண்ணியைப் பார்க்காது." ஆமை மணல்கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பெற்ற வயிறு அல்லவா!

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"வாயைத் திறப்பேனான்னுதான் கேட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கவே இல்லையே!"

மானும் குரங்கும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கட்டையன் கெஞ்சினான், மிரட்டினான், தரையை முட்டினான். ஆமை அசையவில்லை. சட்டம் செல்லாமல் போனது. குழைத்த களிமண்ணை வீணாக்குவானேன் என்று, கட்டையன் அதிலேயே ஒருமுறை புரண்டுவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்கு நடந்தான்.

வாய் திறக்க மாட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தலைவராக்குகிறவர், அவர் மனதில் இருப்பதைப் பதவிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.