தராசில் ஏறிய இரண்டு நாடுகள்

முன்னொரு காலத்தில், வெயில் ஏறி ராஜாக்களுக்குப் பொழுது போகாத ஒரு பங்குனி மாதத்தில், மாணிக்கவர்மன் என்ற அரசனுக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்து மலையடி நாட்டைவிடத் தன் நாடு உயர்ந்தது என்று ஊரறிய நிரூபிக்க வேண்டும்!

அவன் சபையில் உலகப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அவனை எப்படியாவது ஊரைவிட்டு விரட்டக் காத்திருந்தார் பொக்கிஷ அதிகாரி ஆவுடையப்பர். பருத்த உடம்புக்காரர்.

"மகாராஜா! இரண்டு நாடுகளையும் தராசில் நிறுத்தால் தெரிந்துவிடும். உலகப்பனால் முடியாததும் உண்டா?" என்றார் அவர்.

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. "உலகப்பா, நாளைக்குள் நிறுத்துக் காட்டு. தவறினால் நாடு கடத்துவேன்."

"உத்தரவு, அரசே" என்றான் உலகப்பன்.

மறுநாள் சபை நடுவே துலாபாரத் தராசு நின்றது. உலகப்பன் எல்லைச் சந்தைக்குப் போய் இரண்டு உழவர் குடும்பங்களைக் கூட்டி வந்திருந்தான். இரண்டிலும் புருஷன், பெண்சாதி, ஐந்து வயதுப் பிள்ளை. மலையடி நாட்டார் ஒரு தட்டில் ஏறினார்கள். மாணிக்கவர்மனின் குடிகளான நம் நாட்டார் மறு தட்டில்.

"மக்கள்தானே அரசே நாடு? மண்ணை நிறுக்க வேண்டுமானால் நாம் எங்கே நிற்பது?" என்றான் உலகப்பன்.

நம் தட்டு விர்ரென்று மேலே போயிற்று. அரசன் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது?" என்று மலையடிப் பெண்ணைக் கேட்டான்.

"எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி சுத்தமுங்க, சாமி. புள்ளைக்குக் காய்ச்சல்னா அடுத்த தெருவுலயே வைத்தியர் இருக்காரு."

நம் நாட்டுப் பெண் தயங்கினாள். "நாங்க வைத்தியரப் பாக்கத் தலைநகரத்துக்கு வண்டி கட்டணும், சாமி. மூத்தவளக் கூட்டிட்டு வந்தப்போ... பாதி வழியிலேயே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.



"இது மோசடி! நம் நாடா தோற்பது?" என்று கத்திய ஆவுடையப்பர், பாய்ந்து நம் தட்டில் ஏறினார். தட்டு தடாலென்று தரையில் மோதியது.

"ஜெயித்துவிட்டோம், அரசே!" என்று கை தட்டினான் உலகப்பன். "நம் நாட்டிலும் சோற்றுக்குக் குறைவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்."

அரசன் திகைத்தான். பிறகு கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்தபோது அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான்.

"உலகப்பா, என்ன பரிசு வேண்டும்?"

"ஊருக்கொரு வைத்தியர், அரசே. ஊருக்கொரு நல்ல கிணறு."

"தந்தேன்! இதையும் வைத்துக்கொள்" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான் அரசன்.

கிணறு வெட்டுவதை ஊர் ஊராக நடந்தே போய் மேற்பார்வையிடும் பொறுப்பு ஆவுடையப்பருக்குக் கிடைத்தது. அடுத்த பங்குனியில் அவர் திரும்பி வந்தபோது, அரண்மனைக் காவலனே அடையாளம் தெரியாமல் "யாருய்யா நீ?" என்று வாசலில் நிறுத்திவிட்டான்.