மிளகின் முகம் சுருங்கிய கதை

அந்தக் காலத்தில், கொடியும் மரமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், மிளகு வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் வழவழவென்றுதான் இருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

மலையில் சடையன் மிளகு பறித்தான். ஒவ்வொரு மூட்டைக்கும் மிளகுக்கொடியே தன் நுனியில் ஒரு முழம் கிள்ளிக் கொடுக்கும். அதைக்கொண்டு மூட்டையின் வாயைக் கட்டிவிட்டால் போதும், கடற்கரையில் கப்பல்காரன் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவே மாட்டான். மலைக்கு உப்பும் இரும்பும் வந்ததெல்லாம் அந்த ஒரு முழ நம்பிக்கையில்தான்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. மிளகு பாதிதான் காய்த்தது. கப்பலோ மூன்று வந்து நின்றது! ஒரு மூட்டை மிளகுக்கு ஒரு மூட்டை உப்பு என்றிருந்தது, மூன்றாக ஏறியது. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. பப்பாளி விதையை அள்ளிக் காயவைத்தான். (அந்தக் காலத்தில் பப்பாளி ஏது என்று கேட்பவர்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.) சுருங்கிக் கறுத்த அந்த விதையை மூட்டைகளின் நடுவில் கொட்டி, மேலே நல்ல மிளகைப் பரப்பினான்.

"தாயே, இன்னும் நாலு முழம் கொடு" என்றான் கொடியிடம்.

"இவ்வளவு நான் காய்க்கவில்லையே சடையா? உள்ளே இருப்பது என் பிள்ளைகள்தானா?"

"உன் பிள்ளைகள்தான் தாயே. நான் பொய் சொல்வேனா?"

கொடி கிள்ளிக் கொடுத்தது.

மறுவருஷம் நல்ல மழை. மிளகு கொட்டிக் கிடந்தது. ஆனால் ஒரே ஒரு கப்பல்தான் வந்தது.

"உன் சரக்கில் காரமே இல்லை என்று எங்கள் ஊரில் என் முகத்தில் காறித் துப்பாத குறை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவிலும் மிளகு விளைகிறதப்பா. மற்ற இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள்" என்றான் கப்பல்காரன்.

"இது சுத்தமான மிளகு ஐயா! கொடியே கட்டிக் கொடுத்தது!"

"போன வருஷமும் அதுதானே கட்டிக் கொடுத்தது?"

மூன்று மூட்டை மிளகுக்கு ஒரு மூட்டை உப்பை இறக்கிவிட்டு அவன் போனான்.

சடையன் மலையேறிக் கொடியின் காலடியில் விழுந்தான். "கெடுத்துவிட்டேன் தாயே. மலையின் பேரையே கெடுத்துவிட்டேன்" என்று அழுதான்.

கொடி அவனைத் திட்டவில்லை. "சுருங்கிய விதை என் பேரில் கடல் தாண்டிப் போய்விட்டது. இனி எனக்கு எதற்கு இந்த வழவழப்பு?" என்றது. அதுதான் அது கடைசியாகப் பேசியது. அதன் பிறகு காயவைத்த மிளகெல்லாம் முகம் சுருங்கிக் கறுத்தது. எது மிளகு, எது பப்பாளி விதை என்று சடையனுக்கே தெரியவில்லை. தண்ணீரில் போட்டால்தான் தெரிந்தது: விதை மிதந்தது, மிளகு மூழ்கியது.

அடுத்த கப்பல் வந்தபோது அவன் ஒரு குடம் தண்ணீரோடு கரையில் நின்றான். யாரும் கேட்கும் முன்பே ஒரு பிடி அள்ளிப் போட்டான். "பாருங்கள் ஐயா, மிதக்கவில்லை. ஒன்றுகூட மிதக்கவில்லை" என்று கெஞ்சினான்.

அன்று முதல்தான் மிளகுக்கு இந்தச் சுருங்கிய முகம். நல்ல மிளகும் தண்ணீரில் மூழ்கிக் காட்டினால்தான் அதை நம்புகிறார்கள்.