தலைவரின் காரும் கோல் கம்பமும்

கடற்கரை ஊர்க் கால்பந்து கிளப் ஒன்றில் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் சிலுவைமுத்து. மைதானத்துக் குழியில் கால் மடங்கி, கிளப்பின் கோல்கீப்பர் மாவுக்கட்டோடு படுத்த வாரம் அது. கிளப்புகள் தரையை ஒழுங்காக வைத்திருக்க விதி போடலாமா என்று விசாரிக்க லீக் அதிகாரி வந்திறங்கினார்.

கிளப் தலைவர் ஜெபசிங், சிலுவைமுத்துவைத் தனியே இழுத்தார். "குழியே இல்லைன்னு உம்ம வாயால சொல்லணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதேயும்."

சிலுவைமுத்து அதிகாரி முன்னால் கைகட்டி நின்றார். "தரை கேரம் போர்டு மாதிரி இருக்கு சார். தலைவர் ஐயா புதுக் காரிலேயே கோல் கம்பம் வரைக்கும் போய்ப் பாத்திரலாம்."

வெயிலில் நடக்க அலுத்த அதிகாரி, உடனே காரை நோக்கிப் போனார்.

தலைவர் பதறி ஓடிவந்து குறுக்கே நின்றார். "ஐயையோ, வேண்டாம் சார்! அந்தக் குழியில இறங்குனா வண்டி அடி பேந்துரும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். "விதி கண்டிப்பா வேணும். ஆனா வருஷாவருஷம் எப்படிப்பா சோதிக்கிறது?"

"சுலபம் சார்," என்றார் சிலுவைமுத்து. "அந்தந்தக் கிளப் தலைவர் சொந்தக் காரை ஒருதடவை குறுக்கே ஓட்டிக் காட்டட்டும்."

மறுநாள் நாலு லாரி செம்மண் வந்து இறங்கியது. நிரவ ஆள் வேண்டுமே என்று தலைவரே சிலுவைமுத்துவைத் தேடி வீட்டுக்கு வந்தார்.