ஹைட்ரஜனுக்குக் கட்டம் கிடைத்த கதை

அந்தக் காலத்தில், தனிமங்களுக்கு வாயும் வழக்கும் இருந்தபோது, எல்லாரையும் ஒரே அட்டவணையில் குடிவைக்க முடிவாயிற்று. பஞ்சாயத்துக்குத் தங்கத்தை உட்கார வைத்தார்கள். யாரோடும் ஒட்டாத பெரிய மனிதருக்கு வேறென்ன வேலை?

இடது ஓரம் கொடுக்கிற வீட்டார் தெரு. லித்தியமும் சோடியமும் கையிலிருக்கும் ஓர் எலக்ட்ரானை யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பவர்கள். வலது பக்கம் வாங்குகிற வீட்டார் தெரு. ஃபுளோரினும் குளோரினும் ஓர் எலக்ட்ரான் குறைகிறதே என்று எந்நேரமும் பறப்பவர்கள். குடிவர நினைப்பவர் அந்தத் தெருவில் ஒருவருக்குக் கைகொடுத்துத் தன் குணத்தைக் காட்ட வேண்டும். அதுதான் முறை.

ஹைட்ரஜன் தன் இரட்டைச் சகோதரனைக் கூட்டிக்கொண்டு கடைசியாக வந்தது. எல்லாரையும்விட எடை குறைந்த பிள்ளை. பொழுது சாய்வதற்குள் கட்டம் கிடைக்காவிட்டால் வானத்தில் ஏறிப் போய்விடும். திரும்பி வர வழியே கிடையாது. பாவம், அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணே, என்கிட்டயும் ஒண்ணுதான் இருக்கு. நானும் உங்க ஆளுதான்" என்று சோடியத்திடம் கையை நீட்டியது. சோடியம் பழக்கதோஷத்தில் தன் எலக்ட்ரானைத் தள்ளிவிட, ஹைட்ரஜன் பதற்றத்தில் அதை வாங்கிக்கொண்டது.

"கொடுக்கிற வீட்டுக்கு வந்து வாங்குறியா? நீ எங்க பிள்ளையே இல்லடா!" சோடியம் தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியது.

ஹைட்ரஜன் ஃபுளோரினிடம் ஓடியது. "எனக்கும் ஒண்ணுதான் குறையுது அண்ணே." ஃபுளோரின் கைகொடுத்தது. கொடுத்த வேகத்தில் ஹைட்ரஜனிடம் இருந்த ஒன்றையும் இழுத்துக்கொண்டது. "வாங்குற வீட்டுல வந்து குடுத்துட்டு நிக்கிறான் பாரு ஏமாளி. போடா!" தங்கம் அதட்டிய பிறகுதான் எலக்ட்ரான் திரும்பி வந்தது.

"முறைன்னா முறைதான். நான் என்ன பண்ணட்டும்?" என்றது தங்கம்.

பொழுது சாய்ந்தது. ஹைட்ரஜனின் கால் தரையை விட்டு எழும்பியது.

"அழாதே தம்பி!" ஃபுளோரினுக்குப் பக்கத்து வீட்டு ஆக்சிஜன் அக்கா வாசலுக்கு ஓடிவந்தாள். "குடுக்கவும் வேணாம், வாங்கவும் வேணாம். உன்னுதும் என்னுதும் பொதுவுல இருக்கட்டும். எனக்கு ரெண்டு கை இருக்கு, உன் கூடப்பிறந்தவனையும் கூப்பிடு."

மேலே மிதந்துகொண்டிருந்த இரட்டைச் சகோதரனும் எட்டிக் கையைப் பிடித்தான். ஒரு பொறி பறந்தது. டமார்! எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால் தரையில் ஒரு துளி தண்ணீர். அதுவரை உலகம் காணாத பொருள். அதற்குள்ளே பிள்ளைகள் இருவரும் பத்திரமாக இருந்தார்கள். இனி ஆவியாகி மேலே போனாலும் மழையாகத் திரும்பி வந்துவிடுவார்கள்.

அப்பாடா என்று எல்லாருக்கும் மூச்சு வந்தது. விரட்டிய சோடியத்துக்கும்தான். தங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கிறவன், லித்தியத்துக்கு மேல் கட்டத்துல இருக்கட்டும். சொந்தமான்னு யாரும் கேக்கக் கூடாது."

அன்று முதல்தான் ஹைட்ரஜன் அந்தத் தெருவில் குடியிருந்தும் அந்தக் குடும்பத்தில் சேராமல், ஆள் பார்த்துக் கொடுத்து, ஆள் பார்த்து வாங்கி, ஆக்சிஜன் அக்காவின் கையைப் பிடித்தபடி நம் வீட்டுக் குடத்தில் நிம்மதியாகக் கிடக்கிறது.