கோடியாளைப் பிடித்த கை

அது நட்சத்திரங்களுக்கு வாய் இருந்த காலம். வானத்தில் கும்மி நடந்தது. நடுவில் நின்று பாடுகிறவள் பேரொளியாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி வளையம் வளையமாக ஆடுவார்கள். அவள் பாட்டுக்கு இழுப்பு உண்டு. தள்ளிப் போகப் போக அது குறையும். அதனால் பக்கத்தில் இருப்பவள் விரைந்து சுற்றவேண்டும், கடைசி வளையத்துக்காரி மெல்ல நடக்கவேண்டும். வேகம் கூடினால் வட்டத்தைவிட்டுத் தெறித்துப் போவாள்.

கடைசி வளையத்தில் ஆடிய கோடியாளோ உள்வளையத்தாரின் வேகத்துக்கே ஓடினாள். தெறிக்கவும் இல்லை.

பேரொளியாள் பாட்டை நிறுத்தினாள். “யாருடி உன்னைப் பிடிச்சுக்கிட்டிருக்கா?”

“யாருமில்லக்கா.”

சொன்ன பதில் கோடியாளுக்கே நம்பும்படி இல்லை. திரும்பிப் பார்த்தாள். இருட்டுத்தான்.

வெளியாளை ஒளித்து வைத்திருக்கிறாள், கும்மியைவிட்டு விலக்கவேண்டும் என்று முணுமுணுப்பு எழுந்தது. விலக்கினால் காலமெல்லாம் தன்னந்தனியாக அலையவேண்டியதுதான். அவ்வளவு தூரத்தில் பாட்டின் இழுப்பே வேறு மாதிரியோ என்னவோ என்று கோடியாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஊர்சுற்றி வால்வெள்ளி சடைச்சி அதற்கொரு சோதனை சொன்னாள். தூரம்தான் காரணம் என்றால் வானத்து மற்ற ஊர்க் கும்மிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். ஆள் இருந்தால் கும்மிக்குக் கும்மி மாறும். பார்த்து வருகிறேனென்று நீளச் சடையை வீசிக்கொண்டு போனாள்.

வந்தவள் கோடியாளின் முகத்தைப் பார்க்கவில்லை. மங்கலான ஒரு கும்மியில் கடைசிக்காரி பறக்கிறாளாம். இன்னொன்றில், அதே தூரத்தில், ஒழுங்காக மெல்ல நடக்கிறாளாம்.

“ஆள் இருக்குதுக்கா. எல்லா ஊர்லயும் இல்ல.”

பேரொளியாள் தன் வெளிச்சத்தையெல்லாம் கோடியாளின் முதுகுப்பக்கம் வாரி இறைத்தாள். அது எதிலும் படாமல் ஊடுருவிப் போயிற்று. ஒரு நிழல்கூட விழவில்லை.

அப்போதுதான் கோடியாள் அதைச் செய்தாள். மறுபடி ஓடத் தொடங்கி, அந்த ஓட்டத்திலேயே வெளிப்பக்கம் சாய்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் விட்டாள். விழுந்திருக்கவேண்டும். விழவில்லை.

“நான் யாரையும் ஒளிச்சு வைக்கலக்கா. என்கிட்டயே வந்து நிக்குதுன்னா, உங்க முதுகுக்குப் பின்னாடி பார்த்தீங்களா?”

பேரொளியாள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு விலக்குகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பேரொளியாள் பாட்டை மனசுக்குள்ளேயே பாடினாள், இழுப்பு மட்டும் இருந்தது. பேச்சு இல்லை. ஒட்டுக் கேட்பது யாரென்று தெரியாதே. நட்சத்திரங்கள் வாயை மூடியது அன்றைக்குத்தான். கண்ணை மூடுவதுபோல மூடிச் சட்டென்று திறந்து, பின்னால் நிற்பதைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். நாம் அதைச் சிமிட்டுவது என்கிறோம்.

சடைச்சி விடைகூடப் பெறாமல் கிளம்பினாள். பின்னாலிருந்து யாராவது பிடித்துவிட்டால்? சடையை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். வெளிச்சத்தைவிட்டு விலகிப் போகும் வால்வெள்ளிக்கு வால் முன்னால் போவது அன்று தொட்டுத்தான்.